தாழைக்குள் இருந்த அம்மன்

தென்காசியில் சிற்றாற்றங்கரையில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாய்க்குப் போனால் நிற்க இடம் கிடைக்காது. பிள்ளை வரம் கேட்டுச் செங்கோட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். தாழம்புதருக்குள் அம்மன் தானாகத் தோன்றினாள் என்று பூசாரி சொல்வார். தானாக ஒன்றும் தோன்றவில்லை. அவளை உண்டாக்கியது என் நாத்தனார். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே, வாய்க்கு வந்ததைச் சொல்லி உண்டாக்கினாள். அப்போது அடுக்களையில் இருந்த பெண்களில் நான் ஒருத்திதான் மிச்சம். மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனிமேல் இதைச் சொன்னால் என்னை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

நான் பண்பொழிக்காரி. ஐம்பதுகளின் நடுவில் தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஆற்றை ஒட்டிய நெசவாளர் தெரு. எங்கள் வீட்டின் புறவாசலைத் தாண்டினால் ஆறுதான். இரண்டு அறை, ஆற்றுப் பக்கத்துப் பின்னறையில் குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் காலையில் குழிக்குள் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். எங்களுக்கு நிலம் இல்லை, நகை இல்லை. சொத்து என்று யாராவது கேட்டால் அந்தக் குழியைத்தான் காட்ட முடியும். அது இருந்தால் சோறு, இல்லாவிட்டால் பட்டினி.

வீட்டில் மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு மைனி. தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவரே அவளுக்குப் பயப்படுவார். நாக்கு என்றால் நாக்கு, அப்படியொரு நாக்கு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "பிள்ளை கறுப்புதான், ஆனா கை நீளம், தார் சுத்த ஒதவும்" என்று என் அம்மா முன்னாலேயே சொன்னாள். தார் என்றால் குறுக்குநூல் சுற்றுகிற சின்னக் குழல். முதல் ஒரு வருஷம் அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பிறகு அவள் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

எங்கள் தெரு நெய்தது பட்டோ புடவையோ இல்லை. ஈரிழைத் துண்டு. குற்றாலத்தில் சாரல் விழுந்து சீசன் தொடங்கிவிட்டால், அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குத் தலை துவட்டத் துண்டு வேண்டும். மலையில் விழுகிற தண்ணீர் அருவியாக அவர்கள் தலையில் கொட்டும். அதை எங்கள் துண்டு துடைக்கும். அதே தண்ணீர் ஆறாக எங்கள் புறவாசலைத் தாண்டிப் போகும். அந்த ஆற்றை நம்பித்தான் பிழைத்தோம். அதனால் அதன்மேல் எங்களுக்குப் பயம் இல்லாமல் போயிருந்தது.

கரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்து தெருக்கடைசி வரைக்கும் தாழங்காடு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மடல் மடலாகப் பின்னிக் கிடக்கும். இலைக்கு இலை மூன்று வரிசை முள். நடுநடுவே இரண்டு மூன்று மருதமரம், அடியில் நாணல். தாழை தண்டிலிருந்து வேர்களைக் கால் மாதிரி கீழே இறக்கிச் சேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆம்பிளைகளுக்கு அது பாம்புப் புதர். எங்களுக்கு அதுதான் எல்லாம்.

பச்சையாகவே சொல்கிறேனே. தெருவில் ஒரு வீட்டுக்கும் கக்கூஸ் கிடையாது. பெண்கள் ஒதுங்குவது தாழைக்குள். குளிப்பது தாழைக்கு அந்தப் பக்கம், ஆற்றில். மாதவிலக்குத் துணியை அலசுவது, உலர்த்துவது அங்கேதான். மாமியார் அடித்தால் போய் அழுவதும் அங்கேதான். யார் யாருக்கு எந்த வளைவு என்று பேசாமலேயே பங்கு பிரிந்திருந்தது. புதுப்பெண் வந்தால் அவள் முள்ளில் கிழிபடாமல் நுழைய ஒரு வழியை மூத்தவர்கள் அரிவாளால் ஒதுக்கிக் கொடுப்பார்கள். எனக்கு மைனி ஒதுக்கிக் கொடுத்தாள். "பாம்புக்குப் பயப்படாத, அது ஒன்னை மாதிரி மறைவு தேடி வந்த சீவன்தான்" என்றாள். அவள் எனக்கு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

கல்யாணமான முதல் கார்த்திகையிலேயே வெள்ளத்தைப் பார்த்தேன். குற்றாலத்தில் அருவி தெரியவில்லை, மலை முழுக்கத் தண்ணீராக இறங்குகிறது என்று பேச்சு வந்தது. மதியத்துக்குள் எங்கள் புறவாசலில் தண்ணீர். நான் துணிமணியை மூட்டை கட்ட ஓடினேன். மைனி சாவகாசமாகத் தறிக்குழியிலிருந்து மிதிகட்டைகளை அவிழ்த்து மேலே வைக்கச் சொன்னாள். தண்ணீர் தாழைக்குள் நுழைந்து நுழைந்து வேகம் செத்துப் போய்த்தான் எங்களிடம் வந்தது. குழியில் முழங்கால் அளவு ஊறியது. இரண்டு நாளில் வற்றிவிட்டது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் தாழங்காடு முழுக்க வைக்கோலும் தென்னமட்டையும் விறகுக் கட்டையும் மாட்டிக் கிடந்தன. குற்றாலத்தில் எவனோ பறிகொடுத்த வேட்டி ஒன்று, கரை போட்டது, முள்ளில் தொங்கியது. நாங்கள் சிரித்துக்கொண்டு விறகைப் பொறுக்கினோம். அந்தக் கட்டைகள் அங்கே மாட்டாவிட்டால் எங்கே வந்து மோதியிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வினை பாவில் வந்தது. பாவு என்றால் துணியின் நீளவாக்கு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷால் நீவி நீவிக் காயவைக்க வேண்டும். பாவாற்றுவது என்பார்கள். தெருவே சேர்ந்து செய்கிற வேலை. பாவு நீண்டு கிடக்கும்போது நாய்கூடக் குறுக்கே போகாது. ஆனால் வரவர சீசன் கார்கள் எங்கள் தெருவுக்குள் நுழையத் தொடங்கின. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகிற புளியங்குடி எலுமிச்சை லாரியும் ரோட்டில் நெரிசல் என்றால் இப்படித் திரும்பிவிடும். ஒரு நாள் அப்படி வந்த லாரி ஒன்று எங்கள் பாவைச் சக்கரத்து அச்சில் சுருட்டிக்கொண்டு தெருமுனை வரை போனது. டிரைவர் இறங்கி வந்து இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "கோவப்படாதீங்க அண்ணாச்சி" என்றான். என் வீட்டுக்காரர் அந்தப் பழத்தை அவன் மூஞ்சியிலேயே எறிந்தார். அதுவரைக்கும் சரிதான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அங்கேதான் சனி பிடித்தது.

"ஆத்தங்கரையில அந்தத் தாழையை வெட்டி எறிஞ்சா எம்புட்டு எடம் கெடக்கு! நேர் கோடு மாதிரி. மருதமர நெழலு வேற. கடையநல்லூர்க்காரன் ஒரே பாவுல நம்மளைப் போல ரெண்டு மடங்கு துண்டு எடுக்கான். நாமளும் எடுக்கலாம்."

"தாழையை வெட்டிட்டா பொம்பளையளு எங்கன போவோம்?" என்றேன்.

"சாப்பிடுத எடத்துல பேசுத பேச்சாட்டி இது?"

"தெருக் கூட்டத்துல பேசலாமா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கூட்டத்தில் பேசவும் முடியாது. தெருவில் இருந்த பழைய கோயில் வாசலில் தெரு ஆம்பிளைகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு பெண் எழுந்து நின்று, "ஐயா, எங்களுக்கு மலஜலம் கழிக்க மறைவு வேண்டும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? ஆம்பிளைகளுக்குத் தெரியாத விஷயமா அது? தெரியும். பெண்டாட்டியும் பிள்ளையும் காற்றைக் குடித்தா உயிர் வாழ்ந்தார்கள்? ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லாதவரை அது இல்லாத விஷயம். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. எங்கள் நியாயம் அசிங்கம் என்பதால் அது நியாயமே இல்லை என்றாகிவிட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் அடுக்களையில் கூடிப் புலம்பினார்கள். மைனி சட்டியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை உதறிவிட்டு, "ஏட்டி, அங்கன ஒரு அம்மன் இருக்கா" என்றாள்.

"எங்கன மைனி?"

"தாழைக்குள்ள. மருதமரத்து மூட்டுல ஒரு கல்லு கெடக்குல்லா, துணி தொவைக்கோமே, அது. என் கெனாவுல வந்தா. 'என் எடத்தைத் தொட்டா குடும்பம் வெளங்காது'ன்னா."

 எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைனி சிரிக்கவில்லை. "நமக்குன்னு கேட்டா குடுக்க மாட்டான். சாமிக்குன்னா குடுப்பான். சிரிக்காம மூஞ்சியை வச்சிக்கிடுங்க" என்றாள்.

கூட்டத்தில் அவள் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கனவைச் சொன்னாள். குரல் நடுங்கியது. நடிப்பு பிரமாதம். ஆம்பிளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். தெரு நாட்டாமை நல்ல மனுஷர்; சாமி பயம் உள்ளவர். அந்தப் பயம்தான் எங்களைக் கெடுத்தது. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"இத்தனை நாளா அம்மனை அசிங்கத்துக்குள்ள போட்டு வச்சிருந்தோமே, பாவம்லா அது! நல்ல நாள் பாத்து, பொங்கல் வச்சி, தாயைத் தெருமுனை வேப்பமரத்தடிக்குக் கொண்டாந்திருவோம். அப்புறம் அந்த எடத்தைச் சுத்தம் பண்ணிக்கிடலாம்."

கூட்டம் குலவை போடச் சொன்னது. போட்டோம். வேறு என்ன செய்ய? நாங்கள் துணி துவைத்த கல்லுக்கு மஞ்சள் பூசி, தாம்பாளத்தில் வைத்து, மேளம் வைத்து ஊர்வலமாக எடுத்துப் போனார்கள். பொங்கல் வைத்ததும் நாங்கள்தான். எனக்கு அப்போது ஐந்து மாசம். புகையில் கண் எரிந்தபடி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அரிவாள் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மைனி என் காதில், "பொய்யைக்கூட நமக்கு முழுசா விடமாட்டேங்கான்" என்றாள்.

வெட்டினார்கள், எரித்தார்கள், தூரைத் தோண்டி எடுத்தார்கள். தாழை லேசில் விடவில்லை. ஒவ்வொரு தூருக்கும் ஒரு பொழுது வேலை வாங்கியது. என் வீட்டுக்காரர் கை முழுக்க முள் கிழித்த கோடுகளோடு வந்து என்னிடம் மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னார். போட்டேன். நாணலையும் விடவில்லை. கரையை மண்வெட்டியால் சீவி, தண்ணீர் தெளித்து, களம் மாதிரி தட்டிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். காலை வெயிலில் வெள்ளைப் பாவு ஆற்றோரமாக அவ்வளவு நீளத்துக்குக் கிடந்தபோது, தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. என் வீட்டுக்காரர் நாலு நாள் என்னைத் திட்டவில்லை.

எங்கள் கதை வேறு. ஆம்பிளைகள் கரையில் பாவாற்றும்போது நாங்கள் எப்படி ஆற்றுக்குப் போவது? விடிவதற்குள் கும்பலாகக் காடு தேடிப் போய்வந்தோம். அதற்குப் பிறகு அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அடக்க முடியாது என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். ஆறு வாசலில் ஓடுகிறது. வயிற்றுப் பிள்ளைக்காரி நான், நாக்கை நனைத்துக்கொண்டு செம்பைக் கீழே வைப்பேன். தெருவில் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வராத வீடு இல்லை. ஆம்பிளைகள் சூடு என்று சொல்லி இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அதையும் குடிக்கப் பயந்தோம்.

அந்தச் சீசன் துண்டு நன்றாக விற்றது. என் மகளும் பிறந்தாள். கார்த்திகை வந்தது.

அடைமழை. மலை தெரியாமல் மூடியே கிடந்தது. ஒரு நாள் காலையில் ஆறு செம்மண் நிறத்தில் திரண்டு வந்தது. பழைய பழக்கத்தில் யாரும் பதறவில்லை. மைனி மிதிகட்டையை அவிழ்த்து மேலே வைத்தாள். குழியில் தண்ணீர் ஊறியது. என் வீட்டுக்காரர் குடத்தால் இறைத்தார். ஆனால் வெளியே இதுவரை கேட்காத ஒரு சத்தம் கேட்டது. பொத், பொத் என்று, கொஞ்சம் விட்டுக் கொஞ்சம். புறவாசலுக்குப் போய்ப் பார்த்தேன். களம் மாதிரி தட்டி வைத்த கரை பாளம் பாளமாக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. முந்தின வெள்ளத்தில் தாழைக்குள் தத்தித் தத்தி வந்த தண்ணீர், இப்போது நேராக, குறுக்கே ஒரு குச்சி இல்லாமல், கரையை அடித்துக்கொண்டு போனது. மேலேயிருந்து அடித்து வந்த ஒரு மரம் எங்கள் புறச்சுவரில் இடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

உள்ளே ஓடி வந்தேன். என் வீட்டுக்காரர் இன்னும் குழிக்குள் நின்று இறைத்துக்கொண்டிருந்தார். அப்போது குழிக்குள் வெளிச்சம் தெரிந்தது. தரைக்குக் கீழே இருக்கிற குழியில் எப்படி வெளிச்சம் வரும்? ஆற்றுப் பக்கத்து மண் கரைந்து திறந்துகொண்டுவிட்டது. குழியின் வழியாக எங்கள் பின்னறைக்குள் ஆறு வந்தது. மைனி அவர் தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்தாள். அவர் பாதி நெய்த துண்டை விடமாட்டேன் என்று தறியோடு பிடித்துக்கொண்டிருந்தார். "விடுலே! துண்டு போனா போகட்டும், நீ வா!" என்று அவள் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அவர்கள் வெளியே வந்து நின்றதும் தறி குழிக்குள் உட்கார்ந்தது; சுவர் அதன்மேல் உட்கார்ந்தது; பிறகு கூரை. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கரையை ஒட்டிய ஏழெட்டு வீடுகள் போயின. முதலில் போனது எங்கள் வீடு.

நான் மழையில் நின்று வாய்விட்டு அழுதேன். மைனி அழவில்லை. வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்த துவைகல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வடிந்த பிறகு பழையபடி கோயில் வாசலில் கூட்டம். கரையைக் கரைத்தது எது என்று கேள்வி. தாழையை வெட்டியதால் கரை போனது என்று யாராவது ஒருவன் சொல்வான் என்று காத்திருந்தேன். கண் இருக்கிறவனுக்குத் தெரியாதா? ஊரைத் தாண்டி, தாழை வெட்டாத கீழ்க்கரையில் ஒரு கூடை மண்ணும் போகவில்லையே! ஒருவனும் சொல்லவில்லை. நாட்டாமை கண்ணீர் விட்டுச் சொன்னார்: "தாயை எடம் மாத்துனோம். அவ கோவத்தைக் காட்டிட்டா." எல்லாரும் ஆமாம் என்றார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வீட்டை அம்மன் கேட்டு எடுத்துக்கொண்டாள் என்றும், வீடு இருந்த இடத்திலேயே அவளுக்குக் கோயில் கட்டுவது என்றும் முடிவானது. எங்களைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டிருந்தாலும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்.

அன்றைக்கு அவரிடம் சொல்லிவிட்டேன். அம்மனும் இல்லை, கனவும் இல்லை. மறைவு போய்விடக் கூடாதென்று நாங்கள் கட்டிய கதை என்று. அவர் என்னை அடிக்கவில்லை. பயந்துபோய்ப் பார்த்தார். "ஏட்டி, வீடு போனது போதாதா? பிள்ளையையும் வாரிக் குடுக்கணுமா? கன்னத்துல போட்டுக்கோ" என்றார். நானும் போட்டுக்கொண்டேன்.

வீடு இழந்தவர்களுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். குற்றாலம் போகிற ரோட்டுக்கு மேலே, பொத்தை என்கிற மொட்டைப் பாறைக் குன்றின் அடிவாரம். வெள்ளம் வராத இடம் என்று அளந்து கொடுத்தவர் பெருமையாகச் சொன்னார். உண்மைதான், வராது, குடிதண்ணீரும் வராது. என் வீட்டுக்காரர் குடிசை போட்ட கையோடு தறிக்குழி தோண்ட உட்கார்ந்தார். ஒரு சாண் ஆழத்தில் பாறை. கடப்பாரையைப் போட்டால் தீப்பொறி பறந்தது. இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கே தோண்டினாலும் அதே கல். கடைசியில் கடப்பாரையை வீசிவிட்டு அந்தச் சாண் குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். காலை மடக்கத்தான் இடம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் நெய்யவே இல்லை. கடையநல்லூர்த் தறிகளிலிருந்து துண்டு வாங்கிக் குற்றாலத்தில் தோளில் போட்டு விற்றார். அருவிக்கரையில் நின்று "துண்டு, துண்டு" என்று அவர் கத்துவதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

கோயில் எழும்பியது. கொடைத் திருவிழா நடந்த அன்றைக்கு மேளம் உச்சத்துக்குப் போகும்போது மைனிக்குச் சாமி வந்தது. முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆடினாள். எங்களுக்கு மட்டும் தெரியும், அது எந்தச் சாமி என்று.

"டேய்! என் மறைவை வெட்டுனியேடா! எனக்குத் தாழை வையிடா! ஆத்தங்கரை நெடுக வையிடா! அப்பத்தான் ஒங்க குடி நெலைக்கும்!"

எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டாள் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாட்டாமை கற்பூரத்தை ஏந்திக்கொண்டு பணிவாகத்தான் கேட்டார்: "தாயி, கரை நெடுக வச்சா பிள்ளையளு எங்கன பாவு ஆத்தும்? ஒன் கோயிலைச் சுத்தி வச்சிருதோம். மனசு எரங்கு தாயி." சாமியிடமே பேரம். மைனி இன்னொரு சுற்று ஆடிப் பார்த்தாள். அவர் கற்பூரத்தை ஏந்தியபடியே நின்றார். கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. தலையை ஆட்டிவிட்டு விழுந்தாள்.

கோயிலைச் சுற்றி மட்டும் தாழை வைத்தார்கள். நாலைந்து வருஷத்தில் அடர்ந்துவிட்டது. இன்னொரு பெரிய வெள்ளம் வந்து மேல்கரையில் மேலும் சில வீடுகளைக் கொண்டுபோனபோது, கோயில் படிக்கட்டில் ஒரு கல்கூட அசையவில்லை. அம்மனின் சக்தியைப் பார் என்றார்கள். அதற்குப் பிறகுதான் வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கியது.

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆடிச் செவ்வாய்க்கு மைனி கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். அவளுக்குச் சர்க்கரை வந்து உடம்பு இளைத்திருந்தது. நீரை அடக்க முடியாது. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்பதால் அன்றைக்குத் துண்டு மூட்டை என் தோளில். கூட்டத்தில் விற்கலாம் என்று எடுத்துப் போனேன். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் மைனி என் கையை இறுக்கினாள். எனக்குப் புரிந்தது. கோயிலுக்குப் பின்னால் தாழை நிழலும் இருளுமாக நின்றது. அவள் அதை நோக்கிப் போனாள், சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரி.

உள்ளே நுழைவதற்குள் காவலுக்கு நின்ற இளவட்டம் ஒருவன் கம்போடு ஓடி வந்தான். "ஏ அம்மா! கண்ணு தெரியலையா? போர்டைப் பாரு!" என்றான். முள்கம்பி வேலி, அதில் ஒரு தகரம். அசுத்தம் செய்யக் கூடாது, பெண்கள் தாழைக்குள் நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது.

"அவசரம் தம்பி. ஒரு நிமிசம்" என்றாள் மைனி.

"அம்மன் பொறந்த எடத்துல ஒண்ணுக்கு இருக்கவா கேக்க? தீட்டாயிரும். போ போ."

மைனி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அந்த நாக்கு அன்றைக்கு எழவில்லை.

அவளைக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கூட்டி வந்தேன். இரண்டு பக்கமும் வெட்டவெளி. வெட்டாத மரம் ஒன்று இல்லை. குற்றாலத்துக்குக் கார்களும் பஸ்களுமாகப் போய்க்கொண்டிருந்தன. சாரல் நல்ல சாரல். "என்னால முடியலட்டி" என்று அவள் ரோட்டோரத்திலேயே குத்தவைத்துவிட்டாள். நான் மூட்டையை அவிழ்த்து, ஒரு துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து அவளுக்கு முன்னால் பிடித்தேன். பஸ் ஜன்னலிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, "துண்டு என்ன விலை?" என்று கேட்டான்.